முடிவில்லாத நரகமும் பக்கத்து வீட்டுப் பாட்டியும்

இயேசுவின் நினைவாகச் சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனத்தில் நான் கடைசியாகப் பங்கெடுத்தது 2013ஆம் ஆண்டு, புனித வெள்ளிக்கு முந்தைய பெரிய வியாழன் இரவில். மறுநாள் மும்மணி நேர ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் முதலாவதைப் போதகர் வாசித்தார்: “பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே.” பிறந்ததிலிருந்து ஆண்டுதோறும் கேட்ட வசனம்தான். ஆனால் அன்று, தம்மை ஆணியடித்துக்கொண்டிருந்தவர்கள் மனந்திரும்பும் முன்பே, மன்னிப்புக் கேட்கும் முன்பே அவர்களுக்காக மன்றாடிய ஒருவர், ஒருவருக்கும் தீங்கு நினைக்காத ஒரு மூதாட்டியை முடிவில்லாத அக்கினிக்கு அனுப்புவார் என்று நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம்ப முயன்றுவந்ததை நினைத்தபோது, இனிமேல் இந்த உபதேசத்தை என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பது தெளிவாகிவிட்டது. ஆராதனை முடியும்வரை இருந்தேன். பிறகு வீட்டுக்குப் போனேன்.

என் விலகலுக்கு உறவினர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். அதிகம் படித்துவிட்டதால் வந்த பெருமை என்கிறார்கள் சிலர். சபைத் தேர்தலில் எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்ட வருத்தம் என்கிறார்கள் வேறு சிலர். சபைத் தேர்தல் சண்டைகளைப் பார்த்து மனம் கசந்தவர்கள் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய உண்டு. நான் அவர்களில் ஒருத்தி அல்ல. மனிதர்களின் குறைகள் என்னை வெளியேற்றவில்லை. சபை மிக நல்ல மனிதர்களின் வாயால் எனக்குக் கற்றுக்கொடுத்த உபதேசமே என்னை வெளியேற்றியது.

எங்கள் வீடு நெய்யூருக்குப் பக்கத்தில். வேலிக்கு அந்தப்புறம் ஓர் இந்துக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பாட்டிதான் என்னை வளர்த்தார் என்று சொன்னால் மிகையில்லை. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. அப்பாவுக்கு வெளியூரில் வேலை. பள்ளி விட்டு வந்ததும் நான் போய் நிற்பது அந்தப் பாட்டியின் அடுக்களையில்தான். மரச்சீனிக்கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் நசுக்கிய சம்மந்தித் துவையலோடு தருவார். காய்ச்சல் வந்தால் சுக்கும் மிளகும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிய காப்பியைத் தம்ளரில் ஆற்றிக்கொண்டு, வேலியின் இடைவெளி வழியே குனிந்து வருவார். ஒவ்வொரு மாசியிலும் மண்டைக்காடு பகவதி கோயில் கொடைக்குப் போய்வந்து, பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்து அவித்த மண்டையப்பத்தை வாழையிலையில் பொதிந்து எங்களுக்குக் கொண்டுவந்து தருவார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். பாட்டி போனதும் அதைக் கோழிக்குப் போட்டுவிடுவார். விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்ணக் கூடாது என்பது எங்கள் வீட்டின் கட்டுப்பாடு. அந்த இலையைப் பிரிக்கும்போது வரும் ஏலக்காய் வாசனையும், கோழிகள் ஓடிவரும் சத்தமும் இன்றும் எனக்கு ஒன்றாகவே நினைவுக்கு வருகின்றன. பாட்டிக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேலிக்கு அப்பால் நின்றால் எங்கள் கோழிக்கூடு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் ஒரு மாசியிலும் கொண்டுவராமல் இருந்ததில்லை.

1982 மார்ச் மாதம் மண்டைக்காட்டில் கலவரம் வெடித்தபோது எனக்கு ஆறு வயது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட அந்த நாட்களில், எங்கள் இரு வீட்டாரும் பின்வாசல் வழியாக அரிசியும் மண்ணெண்ணெயும் மாற்றிக்கொண்டார்கள் என்று அப்பா பின்னாளில் சொன்னார். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். இருட்டில் பாட்டியின் மடியில் படுத்திருந்தேன். அவர் என் காதைத் தம் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது பாட்டி இறந்தார். அடுத்த ஞாயிறு, ஓய்வுநாள் பாடசாலையில் என் ஆசிரியையிடம் பாட்டி எங்கே போயிருப்பார் என்று கேட்டேன். அவர் கண்கலங்கியபடியே சொன்னார்: “இயேசுவை ஏற்றுக்கொள்ளாதவர்கள் போகிற இடம் ஒன்றுதானே மக்களே. அதுக்குத்தான் நாம சீக்கிரமா சுவிசேஷம் சொல்லணும்.” அவர் கொடூரமானவர் அல்லர், எனக்குத் தெரிந்த பெண்களில் மிகவும் இளகிய மனம் படைத்தவர். அவருக்குக் கற்பிக்கப்பட்டதை அவர் எனக்குக் கற்பித்தார். அன்றிரவு, பாட்டியிடம் இயேசுவைப் பற்றி ஒருமுறைகூடச் சொல்லாமல் விட்டேனே என்று படுக்கையில் அழுதேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு மனுஷியின் நித்திய வேதனைக்குத் தானே பொறுப்பு என்று எண்ணி அழுவதை அன்பின் மார்க்கம் எப்படி அனுமதிக்கிறது என்ற கேள்வி அப்போது எனக்கு எழவில்லை. நான் என்னைத்தான் குற்றப்படுத்திக்கொண்டேன்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு. வேறு ஊர்களில் நரகத்துக்குப் போகிறவர்கள் எங்கோ தொலைவில் இருக்கும் முகம் தெரியாத மனிதர்களாக இருக்கலாம். எங்கள் ஊரில் அவர்கள் வேலிக்கு அந்தப்புறம் இருப்பவர்கள். பிரசவத்துக்கு ஓடிவந்தவர்கள், கிணற்றில் தண்ணீர் தந்தவர்கள், சில குடும்பங்களில் சொந்தத் தாய்மாமனும் அத்தையும். இந்த உபதேசம் இங்கே சொல்லப்படும்போது அதற்கு உடனே ஒரு முகம் வந்துவிடுகிறது.

இவ்வளவு உறுத்தியும் ஏன் இத்தனை ஆண்டுகள் அங்கேயே இருந்தாய் என்று என் மகள் கேட்டாள். அதற்கான பதிலை அவசரமாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. சபைக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் சாதாரணமானதல்ல. என் பாட்டியின் பாட்டி பிறந்த காலத்தில், திருவிதாங்கூரில் எங்கள் சாதிப் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகச் சந்தையில் தாக்கப்பட்டார்கள். ஆடையைக் கிழித்தார்கள், ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் தீ வைத்தார்கள். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனம்கூட, மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியக் கூடாது என்றுதான் சொன்னது. அந்தப் போராட்டத்தில் எங்கள் பக்கம் நின்றது லண்டன் மிஷனரி சங்கம். 1806இல் அந்தச் சங்கத்தின் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து இந்த மண்ணில் எழுந்த பள்ளிகளில்தான் எங்கள் பெண்கள் எழுத்துக் கற்றார்கள். 1821இல் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த லேஸ் பின்னல்தான் எத்தனையோ பெண்களின் கையில் முதன்முதலாகச் சொந்தக் காசைக் கொடுத்தது. எவரெஸ்ட் சிகரத்தை எட்ட முயன்ற மருத்துவர் சோமர்வெல், 1922ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையைப் பார்க்க வந்தவர், காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே பணி செய்ய முடிவெடுத்தார். என் அப்பாவின் அப்பாவுக்குக் குடல்புண் அறுவைசிகிச்சை நடந்தது அந்த மருத்துவமனையில்தான். இப்படிப்பட்ட ஒன்றை விட்டு விலகுவது நன்றிகெட்ட செயல் என்ற எண்ணம் என்னை வெகுகாலம் பிடித்து வைத்திருந்தது. அந்த நன்றி இன்றும் அப்படியே இருக்கிறது.

அந்த நன்றியின் பேரில்தான் 1998இல் நானும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை ஆனேன். பதின்மூன்று ஆண்டுகள் கற்பித்தேன். முதல் சாமுவேல் பதினைந்தாம் அதிகாரத்தை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். “பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும்” உத்தமம் என்று சொல்லும் இருபத்திரண்டாம் வசனத்தை மனப்பாட வசனமாகக் கொடுத்து, கீழ்ப்படியாத சவுல் ராஜ்யத்தை இழந்தான் என்று விளக்கி, ஒப்பித்த பிள்ளைகளுக்குப் படம் பரிசளிப்பேன். அந்த வசனத்தில் சொல்லப்படும் கீழ்ப்படிதல் எது என்பது மூன்றாம் வசனத்தில் இருக்கிறது: “புருஷரையும், ஸ்திரீகளையும், பிள்ளைகளையும், குழந்தைகளையும்” கொன்றுபோடக்கடவாய் என்பதே அமலேக்கியர்மேல் படையெடுக்கச் சவுலுக்குத் தரப்பட்ட அந்தக் கட்டளை. சவுல் செய்த குற்றம், ராஜாவையும் தரமான ஆடுமாடுகளையும் தப்பவிட்டது. குழந்தைகளைக் கொன்றது குற்றமாகச் சொல்லப்படவில்லை. என் மகள் பிறந்த ஆண்டில் அந்தப் பாடம் மறுபடியும் வந்தது. அவளை மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டே மறுநாள் பாடத்துக்குத் தயாரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வசனத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அதன்பின் அந்தப் பாடத்தை நான் நடத்தவே இல்லை.

அப்போது மிஷனரிகளைப் பற்றியும் யோசித்தேன். தன் அடிமையை அடித்தவன், அடிபட்டவன் ஓரிரு நாள் உயிரோடிருந்துவிட்டால், ஆக்கினை அடையமாட்டான் என்று யாத்திராகமம் இருபத்தோராம் அதிகாரம் சொல்கிறது. அடிமை அவனுடைய திரவியம் என்று காரணமும் காட்டுகிறது. ஆனால் அந்த வேதத்தைக் கையில் வைத்திருந்த மிஷனரிகளே திருவிதாங்கூர் அரசுக்கு மனு எழுதி அடிமைமுறைக்கு எதிராகப் போராடினார்கள். 1855இல் அது ஒழிந்தது. எந்த வசனத்தைத் தூக்கிப்பிடிப்பது, எதை ஓரமாக வைப்பது என்று அவர்களுடைய மனச்சாட்சிதான் தீர்மானித்தது. அதற்காக அவர்களை வணங்குகிறேன். ஆனால் அதே மனச்சாட்சி நரகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் மட்டும் அது ஏன் சாத்தானின் சோதனையாகிவிடுகிறது?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மேலமணக்குடியிலும் கடல் ஏறியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவ மீனவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நாங்கள் சபையிலிருந்து அரிசியும் துணியும் கொண்டுபோனபோது, உடல்களை ஒன்றாகப் புதைத்த மண் இன்னும் காயாமல் இருந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு கன்வென்ஷனில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், அந்தக் கடற்கரையின் பாவமே கடலை அழைத்தது என்று மேடையில் முழங்கினார். பந்தலில் இருந்தவர்கள் ஆமென் என்றார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப்பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டு, அல்ல என்று தாமே பதில் சொன்னது லூக்கா சுவிசேஷத்தில் இருக்கிறது. மேடையில் இருந்த போதகர்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். ஒருவரும் எழுந்து அதைச் சொல்லவில்லை. நானும்தான்.

என்னை உடைத்தது இவை எதுவும் அல்ல. 2009இல் என் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அம்மா திருமணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவர்; அம்மாவின் பெற்றோர் இந்துக்கள். பாடம் ஐசுவரியவானும் லாசருவும். பாதாளத்தில் தன் நாவைக் குளிரப்பண்ண ஒரு துளி தண்ணீருக்கு ஐசுவரியவான் கெஞ்சும் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை எழுந்து, “டீச்சர், எங்க தாத்தா போன மாசம் செத்துப்போனாவ. தாத்தாவுக்கு யாரு தண்ணி குடுப்பா?” என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று, பாடப்புத்தகத்தில் இருந்ததை, இயன்றவரை மென்மையாகச் சொன்னேன். அவள் அழவில்லை. பெஞ்சின்மேல் இருந்த தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, குடிக்காமல் மறுபடியும் மூடிவைத்தாள். என் ஆசிரியை எனக்குச் செய்ததை நான் இன்னொரு பிள்ளைக்குச் செய்துவிட்டேன். இதற்காக நான் என்னை மன்னித்துக்கொண்டதில்லை.

அதன்பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் எனக்கு வியப்பளித்தது, ஞாயிறுதோறும் நான் அறிக்கையிட்டுவந்த அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தில் முடிவில்லாத நரகம் என்ற ஒன்று இல்லவே இல்லை என்பது. கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று மட்டுமே அது சொல்கிறது. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில் முக்கிய இடம் வகித்த நீசாவின் கிரெகோரியார், இறுதியில் எல்லா ஆத்துமாக்களும் சுத்திகரிக்கப்பட்டு இறைவனிடம் திரும்பும் என்று எழுதியவர். அவரைப் புனிதராகவே திருச்சபை கொண்டாடுகிறது. மறுபக்கம், இறையியலாளர் அகஸ்தீன், இரக்கத்தால் அப்படி நம்பியவர்களை மறுத்து விரிவாக எழுதினார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கும் ஆக்கினை உண்டு, அது மிக இலேசானது என்றார். 1442இல் கத்தோலிக்கத் திருச்சபையின் புளோரன்ஸ் சங்கம் திருச்சபைக்கு வெளியே இருக்கும் புறமதத்தாரும் யூதரும் நித்திய அக்கினிக்குப் போவார்கள் என்று அறிவித்தது. 1964இல் அதே திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்கள் மனச்சாட்சியின்படி நடந்தால் மீட்பு அடையக்கூடும் என்றது. இடைப்பட்ட ஐந்து நூற்றாண்டுகளில் இந்த உபதேசத்தைக் கேட்டு, இறந்த தாயையோ பிள்ளையையோ நினைத்துத் தூங்காமல் கிடந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்றும் தமிழில் படிக்கும்போதே கண்ணில் பட்டது. நம் வேதாகமத்தில் உள்ள நரகம் என்ற சொல், இந்துக்களும் சமணர்களும் பௌத்தர்களும் நெடுங்காலமாகப் புழங்கிய சொல். அவர்களுடைய நரகம் எத்தனை கொடியதானாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. வினை தீர்ந்ததும் உயிர் வெளியே வந்துவிடும். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட நாம் அதன் வாசலைப் பூட்டிவிட்டோம். பாட்டி நம்பிய நரகத்திலிருந்து நான் ஒருநாள் வெளியே வந்திருப்பேன். நான் நம்பிய நரகத்திலிருந்து பாட்டி வரவே முடியாது.

நித்திய ஆக்கினைக்கு எல்லாரும் ஆதாரமாகக் காட்டுவது மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரம். அதை முழுவதும் வாசித்துப் பாருங்கள். “பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்” என்பதே அங்கே தீர்ப்பின் அளவுகோல். என்ன விசுவாசித்தீர்கள் என்று ராஜா ஒருவரிடமும் கேட்கவில்லை. கிழங்கும் சம்மந்தியும் எனக்கு நினைவுக்கு வராமல் அந்த அதிகாரத்தை என்னால் வாசிக்க முடிவதில்லை.

இவற்றையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு அப்போதைய போதகரைப் பார்க்கப் போனேன். இறையியல் கல்லூரியில் ஆழமாகப் படித்தவர், பொறுமையாகக் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு, “அம்மா, நானும் அப்படி நம்புவதில்லை. தேவனுடைய இரக்கத்துக்கு நாம் எல்லை போட முடியாது. கல்லூரியில் இதையெல்லாம் படித்திருக்கிறோம்” என்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. அப்படியானால் இதைப் பிரசங்க பீடத்தில் சொல்லுங்கள் ஐயா, பிள்ளைகளின் பாடத்தை மாற்றச் சொல்லுங்கள் என்றேன். சபை தாங்காது, விசுவாசத்தில் பலவீனமானவர்கள் இடறிப்போவார்கள் என்றார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. ஆனால் வெளியே வரும்போது, வந்தபோது இருந்ததைவிடப் பெரிய பாரத்தோடு வந்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் படித்தவர்களுக்கு வேறொன்றும் சொல்லும் இடத்தில், பிள்ளைகள் முன்னால் நின்று கற்பிக்கும் வேலையை நான் எப்படித் தொடர்வது? 2011இல் வகுப்பை விட்டுவிட்டேன்.

பலர் செய்வதுபோல, இந்த ஒன்றை மட்டும் மனதுக்குள் தள்ளுபடி செய்துவிட்டு மற்றவற்றோடு இருந்திருக்கலாம். இரண்டு ஆண்டுகள் முயன்றேன். ஆனால் ஒரு கல்லை எடுத்ததும் அடுத்த கல் ஆடியது. முடிவில்லாத ஆக்கினை இல்லையென்றால், இரத்தம் சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது என்பது எதற்காக? இயேசு சொன்ன உவமையில் கெட்ட குமாரனின் தகப்பன் எந்தப் பலியும் கேட்காமல் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டானே? பிறந்து நாற்பது நாளான என் மகள் எந்தப் பாவத்தைக் கழுவ ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுபோகப்பட்டாள்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனபோது, எஞ்சியது இயேசு என்ற மனிதர்மேல் எனக்கிருந்த அன்பு மட்டும்தான். அது இன்றும் இருக்கிறது. அதை விசுவாசம் என்று பெயரிட்டு இராப்போஜனம் வாங்குவது பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

இப்போது இந்த உபதேசத்தின் முழுப் பாரத்தையும் சுமப்பவர் என் அம்மா. எழுபத்தெட்டு வயதாகிறது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, கட்டிலின் பக்கத்தில் முழங்காலிட முடியாமல் நாற்காலியில் அமர்ந்தபடி எனக்காக ஜெபிக்கிறார். அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். அவருடைய வேதத்தின்படி, வேலிக்கு அந்தப்புறம் போய்விட்டவள் இப்போது நான். நரகம் இல்லை அம்மா என்று நான் சொல்வது அவருக்கு ஆறுதலாக இல்லை, பயத்தைத்தான் கூட்டுகிறது. போன ஆண்டு ஒருநாள் ஜெபம் முடிந்து என் அறைக்கு வந்து, விளக்கைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்து, “நீ அங்க இல்லன்னா எனக்குப் பரலோகம் என்னத்துக்கு மக்களே?” என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடியும்வரை இருவரும் பேசவில்லை.

பாட்டியின் மருமகள் இப்போதும் மாசியில் மண்டையப்பம் கொண்டுவருகிறார். வேலி போய் மதில் வந்துவிட்டது. அவர் வாசலைச் சுற்றி வருகிறார். வீட்டில் கோழிகள் இல்லை. அம்மா அதைச் சாப்பிடுவதில்லை. இலையோடு ஒரு கிண்ணத்தில் வைத்து, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, நான் வேலையிலிருந்து வரும்வரை மூடி வைத்திருக்கிறார்.